கொலோன் தேவாலயம்: வெளிப்புறம் மட்டும்

கொலோன் தேவாலயத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். ஆபீசில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. கண்ணாடி ஜன்னல்கள் எப்படி, பீடம் எப்படி, கோபுரத்தின் மேல் ஏறினாயா என்று. நான் ஏறவில்லை. உள்ளே கால் வைக்கவே இல்லை. ஆனால் வெளிச்சுவரைப் பற்றிக் கேளுங்கள். எந்த மூலையில் காற்று எப்படி அடிக்கும், எங்கே தரைக்கல் பெயர்ந்து கிடக்கிறது, எந்தச் சிலைக்கு மூக்கு இல்லை, எல்லாம் சொல்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அதை என்னளவு சுற்றியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிற்சாலை ஜெர்மனியிலிருந்து பற்சக்கரம் வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கியது. கப்பலேற்றுவதற்கு முன்னால் யாராவது போய் ஓட்டிப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு வர வேண்டும். மேலே இருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கோடைகாலத்தில் போய் வந்துவிட்டார்கள். குளிர் தொடங்குகிற நேரம் என்பதால் இந்தத் தடவை பராமரிப்புப் பிரிவில் கிடந்த என் பெயர் வந்தது. கொடுத்து வைத்தவன் என்றார்கள். தொண்ணூறுகளின் மைசூரில் ஒருவன் ஃபாரின் போகிறான் என்றால் தெருவே வந்து அவன் பெட்டியைத் தூக்கிப் பார்க்கும். அதிலும் தசரா நேரம். ஊரே விளக்குப் போட்டுக்கொண்டு நிற்க, நான் மட்டும் தேவராஜ அர்ஸ் ரோட்டில் வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் கிளம்பினேன். அந்த ஷூ பெங்களூர் தாண்டுவதற்குள்ளேயே கடிக்க ஆரம்பித்துவிட்டது.

கிளம்பும்போது அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தாள். உள்ளே புளிகொஜ்ஜு. சோற்றில் போட்டுப் பிசைந்தால் புளியோதரை. துணி சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பை, அதன் மேல் மறுபடியும் துணி.

"மாலதி கையில குடு. தபால்ல அனுப்பிச்சிராத. நேர்ல பாத்துக் குடு" என்றாள். பிறகு, அப்பா அந்தப் பக்கம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லு கண்ணு. எம் பேரச் சொல்லிச் சொல்லு" என்றாள்.

மாலதி என் தங்கை. மைசூரில் எம்.எஸ்ஸி. படித்து, ஆராய்ச்சிக்கென்று ஜெர்மனி போனாள். அங்கே கூடப் படித்த ஜெர்மன்காரரையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகுதான் வீட்டுக்குத் தெரிவித்தாள். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டு எல்லையோரத்தில் மார்டள்ளிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மகளை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்ததில் அவருக்கு இருந்த பெருமை தெரு முழுக்கத் தெரியும். அதனாலேயே அவமானமும் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அவள் வெள்ளைக்காரி ஆகிவிட்டாள், இனி இந்த வீட்டில் அவள் பேச்சு வேண்டாம் என்றார். அதற்கப்புறம் அவர் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. அவள் எப்போதாவது ஞாயிறு சாயங்காலம் போன் செய்வாள். வெளிநாட்டு மணி வேறு மாதிரி நீளமாக அடிக்கும். அது அடித்ததும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு குக்கரஹள்ளி ஏரிக்கரைக்கு நடக்கப் போய்விடுவார். மழை பெய்தாலும் போவார்.

ஜெர்மனியில் என்னைத் தங்க வைத்த சிற்றூரில் பார்க்க ஒன்றுமில்லை. தொழிற்சாலை, ஒரு ரொட்டிக்கடை, ஒரு பாலம். காலையில் இருட்டில் போய் மாலையில் இருட்டில் திரும்பினேன். இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது. நான்தான் ஓடவில்லை. புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. ஜெர்மனிக்கு அது தெரியவில்லை. தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளிடம் இறைச்சி வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கோழி வைத்தாள். கோழியும் வேண்டாம் என்றேன். மறுநாள் மீன் வந்தது. அதன் பிறகு உருளைக்கிழங்குதான். வேகவைத்தது, வறுத்தது, மசித்தது, மறுபடி வேகவைத்தது.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

இந்த மாதம் மட்டும்தான் இப்படி என்றேன்.

"டாக்டர் சொன்னாரா?"

"அம்மா சொன்னாங்க."

அன்றிலிருந்து கிழங்கின் மேல் கொஞ்சம் வெண்ணெய் கூடுதலாக விழுந்தது.

ஒவ்வொரு நாளும் அந்த டப்பாவைப் பார்ப்பேன். மூடியைத் திறந்தால் என்ன என்று தோன்றும். திறக்கவில்லை. இருந்தும் எண்ணெய் தானாகவே கசிந்து, மூன்று சுற்றுத் துணியையும் தாண்டி, என் வெள்ளைச் சட்டை இரண்டை மஞ்சளாக்கியிருந்தது. அந்தச் சட்டையோடு இயந்திரக் கம்பெனியின் மேலாளரைப் பார்க்கப் போனேன். அவர் நாகரிகமானவர், காலரை மட்டும் பார்த்துப் பேசினார்.

கடைசி வெள்ளிக்கிழமைதான் மாலதியின் போன் வந்தது. அவள் வேறு ஊரில் இருந்தாள். வீடு மாறியிருந்ததால் புது வீட்டில் இன்னும் போன் வரவில்லை, பூத்திலிருந்து பேசினாள். காசு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு ஓய்வு. திங்கள் கடைசிச் சோதனை, மறுநாள் விமானம். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது கொலோன் என்றாள்.

"ஸ்டேஷன விட்டு வெளிய வந்தாலே பெரிய சர்ச்சு ணா. நம்மூரு சர்ச்சோட அண்ணன்னு வெச்சுக்கோ. முன்வாசல்ல நிக்கறேன். பத்து மணிக்கு. ஆய்த்தா?"

ஆய்த்து, சரி என்றேன். லைன் போய்விட்டது.

மைசூர் பிலோமினா தேவாலயத்தை இந்தக் கொலோன் தேவாலயத்தைப் பார்த்துத்தான் கட்டினார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து அந்த இரட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவன், அண்ணனைக் கண்டுபிடிக்க முடியாதா என்ன?

ஞாயிறு காலை ரயிலேறினேன். பின்பக்கம் இருந்த காலிப் பெட்டியில் வசதியாக உட்கார்ந்து கண்ணை மூடினேன். வழியில் ஒரு ஸ்டேஷனில் ஏதோ அறிவித்தார்கள். என்னவோ சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்த ஊர் ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியும் என்றும், முன்பாதி ஒரு ஊருக்கும் பின்பாதி இன்னொரு ஊருக்கும் போகும் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அரசிக்கரையில் வண்டியை நிறுத்திப் பெட்டி கழற்றினாலும் நம் ஊரில் டீக்காரர் முதல் எல்லோரும் ஜன்னலில் வந்து சொல்வார்கள். இங்கே சுற்றிலும் வயல் தெரிந்தபோதுதான் சந்தேகம் வந்தது. டிக்கெட் பரிசோதகர் என் டிக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கி, எதிர் வண்டிக்குக் காத்திருந்து, கொலோன் வந்து சேர்ந்தபோது பத்து மணி எப்போதோ போய்விட்டிருந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்து தலையைத் தூக்கினேன். சும்மா சொல்லக் கூடாது, மிரண்டுவிட்டேன். கறுத்துப் போன கல்லில் முள்முள்ளாக ஒரு மலை. எங்கள் தேவாலயம் வெயிலில் பளிச்சென்று நிற்கும், உள்ளூர்க்காரர் மாதிரி. இது யாரையும் கண்டுகொள்வதாக இல்லை. மேகம் கோபுரத்தில் இடித்துக்கொண்டு போனது. நான் தேடிக்கொண்டிருந்தது கோபுரத்தை இல்லை, மாலதியை.

முன்வாசல் என்றால் கிழக்கு வாசல். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் பார்த்த கோயில்களில் சாமி கிழக்கே பார்க்கும், முன்வாசலும் அங்கேதான் இருக்கும். வெயில் இல்லாததால் கிழக்கு எது என்று தெரியவில்லை. ஒரு போலீஸ்காரரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு இடதுபுறம் கை காட்டினார். போனேன். அரைவட்டமாகச் சுவர், அதைத் தாங்கிக் கல் முட்டுகள், ஒரு பக்கம் சாரம் கட்டியிருந்தது. வாசலைக் காணோம். சாரத்துக்குப் பின்னால் இருக்கும், மராமத்துக்காக மூடியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்து, அந்தச் சுவருக்கு எதிரே நின்றேன்.

ஆற்றுக்காற்று நேராக முகத்தில் அடித்தது. மாலதி வந்துவிட்டுப் போயிருப்பாளோ என்ற பயம் ஒருபக்கம். வரவே இல்லையோ என்ற பயம் மறுபக்கம். நான்கைந்து வருஷமாகப் பார்க்கவில்லை. கடைசி நேரத்தில் மனசு மாறியிருக்கலாம். டப்பாவோடு ஊருக்குத் திரும்பிப் போய் அம்மா முன்னால் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நின்று நின்று கால் விறைத்ததும், ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம் என்று நடந்தேன். தெற்குப் பக்கம் பெரிய கல்பாவிய திடல். ஒருவர் தரையில் சாக்கட்டியால் மாதா படம் வரைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மீசைக்காரர் ஒருவர் இரும்பு அடுப்பில் ஏதோ கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தார். வாசனை சுட்ட பலாக்கொட்டையைப் போலவே இருந்தது. அதைத் தாண்டி மேற்குப் பக்கம் திரும்பினால், இரட்டைக் கோபுரம், பெரிய பெரிய கதவுகள், படத்தில் பார்த்த அதே முகப்பு. இவ்வளவு நேரம் நான் சாமிக்கு முதுகுப் பக்கம் நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. காதோடு பல்லும் அதிர்ந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை. கூட்டம் கலைந்தும் இல்லை. ஜப்பானியர் ஒருவர் கேமராவைக் கையில் கொடுத்துக் குடும்பத்தோடு நின்றார். எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் வந்தது. சும்மா நிற்கிறவன் என்று முகத்தில் எழுதியிருந்தது போலிருக்கிறது. வந்தவர்களை எல்லாம் படமெடுத்தேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. மாலதியும் எங்கள் வீட்டுப் பெண்தானே? முன்வாசல் கிழக்கே இருக்கும் என்று அவளும் நினைத்து இப்போது அங்கே போய் நின்றிருந்தால்? வடக்குப் பக்கமாக, ஸ்டேஷன் படிக்கட்டை ஒட்டி, மறுபடியும் கிழக்கே போனேன். சாரம்தான் நின்றது. திரும்பத் தெற்கு, திரும்ப மேற்கு. ஷூ இரண்டு குதிகாலையும் தின்றுகொண்டிருந்தது. மேலே பார்த்தால் கூரையின் ஓரத்திலிருந்து கல் மிருகங்கள் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மழைத்தண்ணீர் விழுவதற்காம். முதல் சுற்றில் வேடிக்கையாக இருந்தது. அதற்கப்புறம் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுவதாகத்தான் பட்டது.

மறுபடி தெற்குத் திடலுக்கு வந்தபோது கொட்டை வறுக்கிறவர் கூப்பிட்டார். துருக்கிக்காரர். என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒரே தரம் என்பதால் நன்றாகப் புரிந்தது.

"யாரைத் தேடுகிறாய்?"

"தங்கையை."

"நீளப் பின்னல்? கறுப்புக் கோட்டு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னல் அவளுடையதுதான்.

"இப்போதுதான் போனாள். அவளும் அண்ணனைத் தேடுகிறாளாம்" என்று மேற்கே கை காட்டினார்.

ஓடினேன். முப்பத்தெட்டு வயசில், கடிக்கிற ஷூவோடு, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மேற்கு முகப்பில் அவள் இல்லை. ஸ்டேஷன் பக்கம் இல்லை. கிழக்கே இல்லை. மூச்சிரைக்கத் தெற்கே வந்தால், துருக்கிக்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"இப்போதும் போனாள். இரண்டு பேரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறீர்கள். கடிகாரத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி. நீ திரும்பி வந்த வழியே போ. எதிரே வருவாள்."

எவ்வளவு எளிய விஷயம். இயந்திரம் ஓட்டுகிற எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். அதற்கு மேல் கால் போகவில்லை. எங்களில் இடப்பக்கமாகச் சுற்றுவது சாவுக் காரியத்துக்கு மட்டும்தான். கடைசியாக நான் அப்படிச் சுற்றியது பெரியப்பாவின் சிதையை. இது என் சாமி இல்லைதான். இருந்தாலும் ஒரு கோயில். அதுவும் தங்கையை வீட்டுக்குக் கூப்பிடுகிற நல்ல காரியத்துக்கு வந்துவிட்டு அதை இடமாகச் சுற்றுவதா? துருக்கிக்காரரிடம் இதை விளக்க எனக்குத் தெம்பு இல்லை. பாஷையும் இல்லை. அவருடைய அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கல்படி இருந்தது. அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டேன். இனி வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று வந்துவிட்டது. அவ்வளவு அலுப்பு.

அவர் ஒரு பொட்டலம் கொட்டையைக் கையில் திணித்தார். உருளைக்கிழங்கு இல்லாத எதுவும் அமிர்தம். இரண்டாவது கொட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது கிழக்கு மூலையிலிருந்து கறுப்புக் கோட்டு ஒன்று வந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, சுவரை வலப்பக்கம் வைத்து, மெல்ல, தலையை ஆட்டி ஆட்டித் தேடிக்கொண்டு.

"மாலதி" என்றேன். குரல் சரியாக வரவில்லை. துருக்கிக்காரர்தான் கரண்டியால் அடுப்பில் தட்டி அவளைத் திரும்ப வைத்தார்.

அழுவாள் என்று நினைத்தேன். வந்த வேகத்தில் என் தோளில் ஒரு அடி போட்டாள்.

"எங்கணா போயிட்ட? காலைல இருந்து சுத்தறேன். முன்வாசல்லதானே நிக்கச் சொன்னேன்?"

"முன்வாசல்னா கிழக்குன்னு நினைச்சேன்."

"நெனச்சேன். நீ அப்படித்தான் நெனப்பேன்னுதான் கிழக்கால வந்து பாத்தேன். நீ இல்ல."

"நான் உன்னத் தேடி மேக்கால போயிருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சிரித்துக்கொண்டே அவள் படியில் உட்கார்ந்தாள். உட்கார ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அந்தத் துருக்கிக்காரர் எங்கிட்டயும் சொன்னாருணா, எதிர்ப்பக்கமா போன்னு. எப்படிணா போறது? அதுவும் இந்த நேரத்துல."

"எந்த நேரத்துல?"

அவள் கோட்டின் பித்தானைக் கழற்றினாள். ஐந்து மாதம் இருக்கும்.

இந்த வயிற்றோடு, இந்தக் காற்றில், இவ்வளவு நேரம் நடந்திருக்கிறாள். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"போன்ல சொன்னா அம்மா அழுவாங்க. அப்பா ஏரிக்கரைக்குப் போயிருப்பாரு. அம்மா தனியா ஒக்காந்து அழறத இங்க இருந்து கேக்க முடியாதுணா" என்றாள்.

டப்பாவைக் கொடுத்தேன். அங்கேயே திறந்தாள். விரலால் தொட்டு வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். துருக்கிக்காரருக்கும் கொஞ்சம் நீட்டினாள். அவர் நாக்கில் வைத்துவிட்டு ஒரு கண்ணைச் சுருக்கினார், பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

கோவிலுக்குள் போகலாமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் ரயிலுக்கு நேரம் இருந்தவரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் தமிழ் கொஞ்சம் மழுங்கியிருந்தது. நடுநடுவே கன்னடம் வந்தது, ஜெர்மன் வரவில்லை. கணவர் நல்லவர் என்றாள். சமையல் அவர்தான் என்றாள். காலையில் கூட வருகிறேன் என்றாராம், இவள்தான் பேடா, வேண்டாம் என்றாளாம், அண்ணனோடு தமிழில் சண்டை போட வேண்டியிருக்கிறது என்று.

"அம்மா ஒருக்கா வந்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றேன்.

"அப்பா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை. "அம்மாதான் சொன்னாங்க."

அவள் டப்பாவை மூடி, துணியைப் பழையபடி சுற்றினாள்.

"அப்பா ஒரு வார்த்தை பேசட்டும்ணா. மன்னிச்சேன், வா, அதெல்லாம் பேடா. போன எடுத்து எதாச்சும் ஒரு வார்த்தை. திட்டட்டும். அஷ்டே, அவ்வளவுதான். நான் வந்துடறேன். இன்னும் ரெண்டு மாசம் போச்சுன்னா பிளேன்ல ஏத்த மாட்டாங்க. அப்பறம் கொழந்தையத் தூக்கிட்டு எப்ப வருவேனோ, அம்மா எப்படி இருப்பாங்களோ."

ஸ்டேஷனுக்கு நடந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தசராக் கூட்டத்துல அப்பா என்ன சொல்லுவாரு, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டாள். இருந்தது. ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்கப் போகும்போது எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொல்வார்: தொலைந்து போனால் நடக்காதே, நின்ற இடத்திலேயே நில், நான் தேடிக்கொண்டு வருவேன். "ரெண்டு பேருக்குமே மறந்து போச்சு பாரு" என்றாள். இந்தத் தடவை ரயிலின் முன்பாதியா பின்பாதியா என்று அவளே பார்த்து என்னை ஏற்றிவிட்டாள். வண்டி நகர்ந்தபோது ஜன்னலோடு கூட நடந்து வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கையாட்டினாள்.

திங்களன்று இயந்திரம் சரி என்று சொன்னேன். என் குதிகாலைப் பார்த்து வீட்டுக்கார அம்மாள் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். பிறகு விமானம், பம்பாய், பெங்களூர், பஸ். மத்தூரில் வண்டி நின்றபோது ஒரு வடை வாங்கி நின்றபடியே தின்றேன். உலகத்தில் உருளைக்கிழங்கைத் தவிர வேறு பண்டங்களும் உண்டு என்று நம்பிக்கை வந்தது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா என் முகத்தையே பார்த்தாள். அப்பா பக்கத்தில் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலதி பேச்சு வீட்டில் கூடாது. ஆகவே நான் ஊரைப் பற்றித்தான் சொன்னேன். தேவாலயம் எவ்வளவு உயரம், காற்று எப்படி, கிழக்கே வாசல் என்று நினைத்து நான் முதுகுப் பக்கம் நின்றது. அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தைரியம் வந்து, "அவளும் என்னைத் தேடி அதே பக்கமா சுத்தியிருக்கறா" என்றேன். அப்பா தலை தூக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. தொடர்ந்தேன். துருக்கிக்காரர் சொன்னது, நான் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

"அவகிட்டயும் எதிர்ப்பக்கமா போகச் சொல்லியிருக்கறாரு. இந்த நேரத்துல இடமா சுத்த மாட்டேன்னுட்டாளாம்."

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கையிலிருந்த கரண்டி குழம்புக்குள்ளேயே நின்றது. "எத்தன மாசம்?" என்றாள்.

"அஞ்சு."

அப்பா தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏன்டா, மாசமா இருக்கறவள அத்தன சுத்து நடக்க வெச்சிருக்க. அறிவிருக்குதா உனக்கு? காணலைன்னா நின்ன எடத்துல நிக்கணும்னு எத்தன தரம் சொல்லியிருக்கறேன்?"

எனக்குக் கோபம் வரவில்லை. வருஷக்கணக்கில் அவர் அவளைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. அம்மா கரண்டியை எடுத்து எனக்குக் குழம்பு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அவ நின்ன எடத்துலதாங்க நிக்கறா. தேடிட்டு வருவேன்னு சொன்னவங்கதான் இன்னும் போகல."

அப்பா மறுசோறு போட்டுக்கொள்ளாமல் கை கழுவப் போனார். அப்பா ஒரு வார்த்தை பேசினால் வந்துவிடுகிறேன் என்று மாலதி சொன்னதை, நான் அன்று ராத்திரியே அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். அப்பாவிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் போன் அடித்தது. நீளமான மணி. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார். அம்மா ரிசீவரை எடுத்து, "கண்ணு" என்றாள், அதற்கு மேல் அழுகைதான் வந்தது. நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசலில் அப்பா ஒரு செருப்பு மாட்டிக்கொண்டு, ஒரு செருப்பு மாட்டாமல், தெருவைப் பார்த்து நின்றார். பிறகு மாட்டிய செருப்போடேயே உள்ளே வந்தார். எங்கள் வீட்டுக்குள் செருப்புக் காலோடு யாரும் வந்ததில்லை. அம்மா கையிலிருந்த ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"நின்னுகிட்டா பேசற?" என்றார் அப்பா. "மொதல்ல ஒக்காரு."